கோப்பை வைத்த கை

ஓக் ஹேரிமின் வேலை, உள்ளதைச் சொன்னால், ஊரார் பட்ட அவமானங்களுக்குச் சீட்டு ஒட்டுவது. அரசாங்கம் ஒருவருடைய ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கும், கடையை இழுத்து மூடச் சொல்லும், உதவித்தொகையை நிறுத்தும். அவர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு மனு எழுதுவார். குழு ஓர் ஆணை போடும். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிற அந்த ஆணைகளை ஒன்றுசேர்த்து, தேடினால் கிடைக்கும்படி செய்து விற்கிற மென்பொருள்தான் கில்ஜாபி. தென்கொரியாவின் ஜொன்ஜு நகரத்தில் ஒரு ரொட்டிக் கடையின் மாடியில் மூன்று பேர் சேர்ந்து அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மனு எழுதிப் பிழைப்பவர்கள் சந்தா கட்டி அதில் தேடினார்கள்.

ஹேரிம் ஒவ்வொரு ஆணையையும் திறந்து படித்து, பக்கத்துக் கட்டங்களில் குறி போடுவாள். ஏற்பு, குறைப்பு, தள்ளுபடி. மன்னிப்புக் கடிதம் உண்டா, இல்லையா. ஆணைகளில் யாருடைய பெயரும் இருக்காது. பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் அழித்து, அந்த இடத்தில் இரண்டு வட்டம் போட்டுத்தான் வெளியே விடுவார்கள். நாலு வருஷமாக அந்த வட்டங்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றுக்குப் பின்னால் மூக்கும் முழியுமாக ஓர் ஆள் இருக்கிறான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவளையும் குறை சொல்ல முடியாது. நாளொன்றுக்கு அறுபது ஆணை படிக்கிறவள் ஒவ்வொன்றுக்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. சட்டம் படித்தவள். நீதித்துறைத் தேர்வை ஆறு தடவை எழுதி, ஆறு தடவையும் கோட்டைவிட்டவள். அந்த ஆறு வருஷமும் சியோலில், கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற ஓர் அறையில் அவளை உட்காரவைத்துப் படிக்கவைத்தது அவளுடைய அண்ணன் மான்சொக்கின் கடை. சோயா முளை போட்ட சூப்பும் சோறும் விற்கிற கடை. விடிகாலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கும். மான்சொக் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர். தங்கை தேர்வில் தேறாதது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. கடைக்கு வருகிற ஆட்களிடமெல்லாம், "எங்க வக்கீலம்மா" என்றுதான் சொல்லுவார். அவள் கூசிப்போய் அடக்கினால், ஆறு தடவை எழுதினவளுக்கு ஒரு தடவை எழுதிப் பாஸானவனைவிட ஆறு மடங்கு சட்டம் தெரியும் என்பார். சும்மா கிண்டலுக்குச் சொல்கிறார் என்றுதான் ஹேரிம் நினைத்தாள். பாவி மனுஷன் அதை மனதார நம்பினார் என்பது அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது.

போன டிசம்பரில் நடந்தது இது. விடிகாலை ஐந்தரை மணிக்கு மூன்று இளைஞர்கள் கடைக்கு வந்தார்கள். மான்சொக் அடையாள அட்டை கேட்டார், மூவரும் காட்டினார்கள், மூவருக்கும் இருபது. சூப்பும் ஒரு பாட்டில் சோஜுவும் கொடுத்தார். அரைமணி கழித்து நாலாவதாக ஒருவன் குளிரில் வெடவெடத்துக்கொண்டு உள்ளே வந்து அவர்களோடு உட்கார்ந்தான். அவனுக்குப் பதினெட்டுதான், பள்ளிக்கூடத்துப் பையன். பத்தொன்பது ஆகாதவனுக்கு மது கொடுக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். மான்சொக் அப்போது அடுப்படியில் இருந்தார். மேசை மேல் எப்போதும் இருக்கிற எவர்சில்வர் தண்ணீர்க் குவளையில் நண்பர்கள் மிச்சமிருந்த சோஜுவை ஊற்றிக் கொடுத்தார்கள், அவன் குடித்தான். வெளியே போனதும் நாலு பேருக்கும் சண்டை. போலீஸ் வந்தது, வயது கேட்டது. ஒரு மாதத்தில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. சிறுவனுக்கு மது கொடுத்த குற்றத்துக்காகக் கடையை இரண்டு மாதம் மூட வேண்டும்.

இரண்டு மாதம் என்று எழுதுகிறவனுக்கு அது இரண்டு சொல். விடிகாலைக் கடையை இரண்டு மாதம் மூடினால் வாடிக்கையாளர் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விடுவார், போனவர் திரும்ப மாட்டார். போதாக்குறைக்கு, கட்டடக்காரர் அந்த இடத்தைக் காபிக் கடைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வருஷமாகவே நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தார். கதவு மூடினால் கடை போயிற்று என்பது மான்சொக்குக்கும் தெரியும், அவர் மனைவி சுனிமுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும்.

ஹேரிம் அன்று மாலையே கில்ஜாபியில் தேடினாள். பெரியவர்கள் குடிக்கிற மேசைக்குச் சிறுவன் பின்னால் வந்து சேர்ந்த வழக்குகள் நாற்பத்தொன்று கிடைத்தன. நாற்பத்தொன்றிலும் கேள்வி ஒன்றேதான். அந்தச் சிறுவன் வந்து உட்கார்ந்த பிறகு கடைக்காரர் கூடுதலாக ஒரு கோப்பை கொண்டுபோய் வைத்தாரா, இல்லையா? வைத்திருந்தால் தெரிந்தே ஊற்றிக் கொடுத்த மாதிரி. வைக்காவிட்டால் அவர்மேல் குற்றமில்லை. மனு ஜெயிக்கும்.

அவள் போனைப் போட்டு நேராகவே கேட்டாள்.

"அண்ணா, நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லு. அந்தப் பையனுக்குன்னு நீ கோப்பை ஏதாவது கொண்டுபோய் வெச்சியா?"

"எங்கே வெச்சேன்? நான் அடுப்பாண்ட நின்னேன். அவன் வந்ததையே நான் பாக்கல. அண்ணிகிட்ட வேணா கேளு, அவ உள்ள வெங்காயத்தாள் நறுக்கிட்டிருந்தா."

"அப்போ நாம ஜெயிச்சுட்டோம்" என்றாள் ஹேரிம். பதினைந்து வருஷத்தில் அண்ணனுக்குச் சொல்ல அவளிடம் இருந்த முதல் நல்ல சேதி அது.

மனுவை அவளே எழுதினாள். குழு முடிவு சொல்லும்வரை கதவை மூட வேண்டாம் என்று தனியாக ஓர் இடைக்காலத் தடையும் கேட்டாள், அது கிடைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் கில்ஜாபியை ஓட்டுகிறவள் ஆயிற்றே. பயந்தவள் வேறு. ஒருவேளை குழு கோப்பைக் கதையை நம்பாவிட்டால், தண்டனையைப் பாதியாகவாவது குறைக்கட்டும் என்று மனுவின் கடைசியில் இன்னொரு வேண்டுதலையும் சேர்த்தாள். தண்டனை குறைந்த ஆணைகளைக் கணக்கெடுத்தால், பத்தில் ஏழில் மன்னிப்புக் கடிதம் இருந்தது. அந்தக் கட்டத்தை உண்டாக்கினவளே அவள்தான். அதனால் நீயும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது, உன் கையெழுத்திலேயே எழுது, அதற்குத்தான் மதிப்பு என்று அண்ணனிடம் சொன்னாள்.

அந்த ஏழு பேரும் தப்புச் செய்தவர்கள். தப்புச் செய்யாமல் ஜெயித்த ஆட்கள் ஒருத்தர்கூட மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. அது கில்ஜாபிக்கும் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். அவள் கேட்கவில்லை.

தப்பு செய்யாவிட்டாலும் முதலில் தலையைக் குனிந்து, என் தப்புதான் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. அப்படியே வளர்ந்த ஊர் அது. அதனால் மான்சொக் எதற்கு மன்னிப்பு என்று கேட்கவில்லை. எப்படி எழுதுவது என்றுதான் கேட்டார். ஆர்டர் சீட்டில் இரண்டு சூப்பு, ஒரு முட்டை என்பதற்கு மேல் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. ஹேரிம் பேருந்தில் நின்றுகொண்டே போனில் தேடினாள். சிறுவன், மது, மன்னிப்புக் கடிதம், குறைப்பு என்று போட்டதும் வந்த முதல் ஆணையில், முடிவு என்கிற கட்டத்தைப் பார்த்தாள். பாதியாகக் குறைப்பு என்று இருந்தது. மனுதாரர் சொன்னது என்கிற பகுதியை அப்படியே அண்ணனுக்கு அனுப்பி, "இதே மாதிரி எழுதுண்ணா" என்று கீழே தட்டினாள். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் முடிந்துபோன வேலை.

ஒரு வாரம் கழித்து அவர் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு மாடிப்படி ஏறி அலுவலகத்துக்கே வந்தார். எண்ணெய்க் கறை படக் கூடாதென்று பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். அன்று கில்ஜாபியின் புதிய பதிப்பு வெளியாகிற நாள். ஹேரிம் முதல் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள், மற்ற இரண்டையும் புரட்டினாள், நல்லா இருக்குண்ணா என்றாள். அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கீழே இறங்கிப் போனார்.

மே மாதத்தில் ஒரு நாள் போனில், "தோத்துட்டோம், விடு" என்றார். அவள் ஆணையைக் காட்டச் சொன்னாள். அண்ணி ஏதோ கழுவும்போது நனைந்துபோயிற்று என்றார். மறுவாரம் கேட்டபோது, படித்து என்னத்தைக் கிழிக்கப்போகிறாய் என்று சிரித்து மழுப்பினார். ஹேரிமும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பொதுநலன் கருதி என்று ஒரு வாக்கியம் உண்டு. தள்ளுபடி ஆணைகளில் பெரும்பாலானவற்றில் அதுதான் இருக்கும். அதேதான் இதிலும் இருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். ஜெயிச்சுட்டோம் என்று சொன்ன வாயால் இனி என்ன பேசுவது என்ற வெட்கமும் இருந்தது. காகிதத்தைப் பார்க்காமல் இருப்பதே அவளுக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. அதை அவள் பிற்பாடு தன்னிடமே ஒப்புக்கொண்டாள்.

நகராட்சியில் ஓர் இளகிய மனசுக்காரர் இருந்தார். மான்சொக் போய்க் கேட்டதில், மூடும் தேதியை ஆகஸ்ட் பத்தொன்பதுக்குத் தள்ளிக் கொடுத்தார். அதற்குமேல் முடியாது என்றும் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் இடத்தைக் காலி செய்வதாகக் கட்டடக்காரருக்கு மான்சொக் வாக்குக் கொடுத்தார்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, மாகாணக் குழுவின் ஏப்ரல் மாத ஆணைகள் கில்ஜாபிக்கு வந்து சேர்ந்தன. காலை பத்தரை மணி. முப்பத்தோராவது ஆணை உணவகம், சிறுவனுக்கு மது, தள்ளுபடி. ஹேரிம் தள்ளுபடியில் குறி போட்டாள். மன்னிப்புக் கடிதம் உண்டு என்பதிலும் போட்டாள். அடுத்ததற்குப் போகும்போது திரையின் ஓரத்தில் மஞ்சள் பட்டை ஒன்று வந்தது.

மஞ்சள் பட்டை அவளுடைய யோசனைதான். ஓர் ஆணையில் உள்ள வாசகம் வேறோர் ஆணையிலும் எழுத்துக்கு எழுத்து இருந்தால் கில்ஜாபி அதைக் காட்டிக் கொடுக்கும். குழுக்காரர்கள் பழைய ஆணையைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்களா என்று பிடிப்பதற்காக வைத்தது. ஆனால் இந்தப் பட்டை குழுவின் வாசகத்தில் விழவில்லை. மனுதாரரின் கடிதத்திலிருந்து குழு எடுத்துக்காட்டிய வரியில் விழுந்திருந்தது.

"அந்த இளைஞனின் வயதைக் கேட்காமல், என் கையாலேயே ஒரு கோப்பையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அன்று முதல் இந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கப்படுகிறேன்."

அதற்குக் கீழே குழு எழுதியிருந்தது. மனுதாரர் தமது மனுவில் கோப்பை எதுவும் வைக்கவில்லை என்கிறார், கடிதத்திலோ தம் கையால் வைத்ததாக ஒப்புக்கொள்கிறார். சிறுவன் தண்ணீர்க் குவளையில் குடித்ததாகப் போலீஸ் பதிவில் இருந்தபோதும், மனுதாரரின் சொந்த வாக்குமூலத்தையே ஏற்க வேண்டியிருக்கிறது. முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறவருக்குத் தண்டனையைக் குறைக்கவும் காரணமில்லை.

இரண்டு வட்டம் நகரம். இரண்டு வட்டம் தெரு. கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வட்டமும் சூப்புக் கடை என்கிற சொல்லும். ஹேரிம் மஞ்சள் பட்டையைத் தட்டினாள். பழைய ஆணை திறந்தது. வேறு மாகாணம், மதுக்கடை நடத்துகிற ஒரு பெண்மணி, பாதியாகக் குறைப்பு. அவள் பேருந்தில் நின்றுகொண்டே அனுப்பியது.

பழையதைப் படித்தாள், புதியதைப் படித்தாள். அந்தப் பெண்மணி உண்மையிலேயே கோப்பை வைத்தவள், உண்மையிலேயே வெட்கப்பட்டவள். அண்ணன் அவளுடைய வெட்கத்தை வரி விடாமல் பார்த்து எழுதியிருக்கிறார். எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, படியேறி வந்து அவளிடமே காட்டியிருக்கிறார். மூன்றாவது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அவள் புரட்டிய பக்கம்.

முதலாளி தாக் எதிர் மேசையிலிருந்து, என்ன, பேயைப் பார்த்துவிட்டாயா என்றார். கிண்டல்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். முழுவதும் படித்துவிட்டு அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு மெதுவாக, ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து தொண்ணூறு நாளைக்குள் நீதிமன்றத்துக்குப் போகலாம் இல்லையா என்றார்.

அவளுக்கு அது தெரியும். ஆறு தடவையும் தேர்வில் வந்த கேள்வி. தெரிந்தும் இந்த மூன்று மாதமாக மண்டைக்குள் எங்கோ மூலையில் போட்டு வைத்திருந்தாள். நீதிமன்றத்தில் இந்த மஞ்சள் பட்டை ஒன்று போதும். இந்த வரி அவருடையதே இல்லை, இதோ இன்னாருடையது, இதோ நான் அவருக்கு அனுப்பிய செய்தி, இதோ அதன் தேதி என்று காட்டலாம். புதிதாக ஓர் இடைக்காலத் தடை கேட்கலாம். பத்தொன்பதாம் தேதி கதவு மூடாது. கதவு மூடாவிட்டால் கட்டடக்காரரிடம் பேசிப் பார்க்கலாம்.

ஆணையின் தேதி ஏப்ரல் இருபத்தொன்பது. தபாலில் போய்ச் சேர ஒரு வாரமும் ஆகும், இரண்டு வாரமும் ஆகும். ஹேரிம் விரல் விட்டு எண்ணினாள். மே பதினாலாம் தேதியோ அதற்குப் பிறகோ அண்ணன் கைக்குக் கிடைத்திருந்தால், இன்றுதான் தொண்ணூறாவது நாள், அல்லது இன்னும் நாள் இருக்கிறது. தாக் தனக்குத் தெரிந்த வழக்கறிஞருக்குப் போன் போட்டு, மாலை ஆறு மணிக்குள் மனு ஏறியாக வேண்டும், தயாராக இரு என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே அவள் படியிறங்கி ஓடினாள்.

டாக்ஸியில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மதிய நேரத்துக் கூட்டத்தில் அவர் எப்போது எடுத்தார்? மே பதினாலு, மே பதினஞ்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். சாமி கும்பிட்டுப் பழக்கமில்லாதவள், வழியில் இருந்த தபால் அலுவலகத்தைப் பார்த்து, நீ எப்போதும்போலத் தாமதமாகவே கொடுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கடையில் கூட்டம் இல்லை. மூடப்போகிற கடை என்று தெரிந்தால் ஆட்கள் ஒரு மாதம் முன்னாலேயே நின்றுவிடுகிறார்கள். சுனிம் மூலையில் மண்சட்டிகளை அடுக்கிச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். மான்சொக் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "அடடே, வக்கீலம்மாவுக்கு வேலை நேரத்துல பசிக்குதா?" என்றார்.

ஹேரிம் மூச்சு வாங்க நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கு அந்த நொடியிலேயே தெரிந்துபோயிற்று. சிரிப்பு மெல்ல இறங்கியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உங்க மெஷின்ல வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சு."

"பேர் போட மாட்டாங்கன்னு சொன்னியே."

"பேர் போடல. உன் வரி இருந்துச்சு." அவளும் உட்கார்ந்தாள். "ஏண்ணா அப்படி எழுதினே? நீதான் கோப்பையே வைக்கலயே."

மான்சொக் மேசைமேல் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினார்.

"வைக்கலதான். ஆனா நீ அனுப்புனதுல இருந்துச்சே. இதே மாதிரி எழுதுன்னு போட்டிருந்தே. எனக்கும் அந்த இடம் இடிச்சுது. ரெண்டு ராத்திரி யோசிச்சேன். அப்புறம், நம்ம ஹேரிமு ஆறு தடவை எழுதினவ, வெச்சேன்னு சொன்னாத்தான் நல்லதுன்னு ஏதோ கணக்குப் போட்டிருப்பா, நாம குறுக்கே புகுந்து கெடுக்கக் கூடாதுன்னு அப்படியே எழுதிட்டேன். படிச்சவ அனுப்புனத நான் திருத்துறதா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா."

"கொண்டாந்து காட்டுனேனே. நல்லா இருக்குன்னே."

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மூலையில் செய்தித்தாள் சுற்றுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. சுனிம் இந்தப் பக்கம் திரும்பாமல், இதைச் சொல்ல வேண்டாம் என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன், கடைசியில் வாயை விட்டுவிட்டீரா என்று சட்டிகளைப் பார்த்து முணுமுணுத்தாள்.

ஹேரிமுக்கு அழக்கூட நேரமில்லை. நேரம் இருந்தால் பிறகு அழுதுகொள்ளலாம். மணி பன்னிரண்டரை.

"அண்ணா, அந்த ஆணை எங்கே? நனையலன்னு எனக்குத் தெரியும். எடு."

அவர் எழுந்து போய், அரிசி மூட்டைக்கு அடியில் இருந்த மரப் பலகையைத் தூக்கி, ஓர் உறையை எடுத்து வந்தார். நாலாக மடித்து ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தபால்காரர் கொடுத்ததும் நின்ற இடத்திலேயே பிரித்தேன், கோப்பை என்கிற இடம் வந்ததும் அதற்குமேல் படிக்கவில்லை, உன் கண்ணில் படக் கூடாதென்று மடித்துப் பலகைக்கு அடியில் போட்டுவிட்டேன் என்றார். இதைப் பார்த்தால் நீ அந்த வேலையையே விட்டுவிடுவாய், சாப்பிட மாட்டாய், தேர்வில் ஆறாவது தடவை தோற்றபோது எப்படிக் கிடந்தாய் என்பது எனக்குத் தெரியாதா என்றார்.

"சரிண்ணா, அது கிடக்கட்டும். தபால்காரர் இதை உன் கையில கொடுத்தது என்னிக்கு? தேதி சொல்லு."

"அது நல்லா ஞாபகம் இருக்கு. பெத்தவங்க தினத்துக்கு மொத நாள். மறுநாள் நம்ம அம்மா அப்பா படத்துக்கு வைக்க அண்ணி கார்னேஷன் பூ வாங்கியாந்திருந்தா. அந்தப் பூவை நான் ஒரு கையில வாங்கி வெச்சிருக்கேன், இன்னொரு கையாலதான் கையெழுத்துப் போட்டேன்."

பெற்றோர் தினம் மே எட்டு. அதற்கு முதல் நாள் மே ஏழு. ஹேரிம் எண்ணவே தேவையிருக்கவில்லை. காரில் வரும்போது எல்லாத் தேதிக்கும் எண்ணி வைத்திருந்தாள். ஆகஸ்ட் ஐந்தாம் தேதியோடு தொண்ணூறு நாள் முடிந்திருந்தது. போன திங்கட்கிழமை. ஒரு வாரம். போன திங்கட்கிழமை இதே நேரத்துக்கு அவள் மாடியில் உட்கார்ந்து, யாரோ ஒரு லாரிக்காரரின் உரிமத்துக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் தேதி கேக்கறே?" என்றார் மான்சொக்.

"பதிவுல போடணும்."

அவர் தலையாட்டினார். உறையை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் வட்டங்கள் இல்லை. ஓக் மான்சொக் என்று முழுப் பெயரும், தெருவும், கதவு எண்ணும் இருந்தன. நாலு வருஷத்தில் பெயரோடு அவள் பார்த்த முதல் ஆணை அது. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி. இந்த ஆணையில் திருப்தியில்லாதவர் இதைப் பெற்ற நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். மான்சொக் அந்தப் பக்கம்வரை வரவே இல்லை. வந்திருந்தால் அன்றே அவளுக்குப் போன் செய்திருப்பார். அவள் கண்ணில் படக் கூடாதென்று மடித்த மடிப்பு, அந்த இரண்டு வரிக்கு நட்ட நடுவில் விழுந்திருந்தது.

"ஹேரிமு," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அப்பவே இதை உன்கிட்ட காட்டியிருந்தா ஏதாவது பண்ணியிருக்க முடியுமா?"

சுனிமும் இப்போது திரும்பிப் பார்த்தாள். சுவரில் கழற்றாமல் மிச்சமிருந்தது விலைப்பட்டியல் ஒன்றுதான். அடுப்பில் சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இருபத்தேழு வருஷமாக அது ஒரு நாளும் முழுசாக அணைந்ததில்லை என்று அண்ணன் பெருமையடித்துக்கொள்வார்.

ஹேரிம் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். கடைசிப் பக்கம் உள்ளே போகும்படி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணா. குழு சொன்னாச் சொன்னதுதான். அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. நீ காட்டியிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்."

மான்சொக் நெடுமூச்சு விட்டார். மூன்று மாதமாக நெஞ்சில் வைத்திருந்த பாரத்தை இறக்கிவைத்த ஆள் மாதிரி தோள் தளர்ந்தது.

"அதானே," என்றார். "நானும் அப்படித்தான் நெனச்சேன். வீணா உனக்கு எதுக்குக் கஷ்டம்னு. நல்லவேளை, காட்டாம இருந்தேன்."

"ஆமாண்ணா."

அவளுடைய பையில் போன் நடுங்கிக்கொண்டே இருந்தது. தாக் கூப்பிடுகிறார். வழக்கறிஞர் காத்திருப்பார். அவள் அதை எடுக்கவில்லை. மான்சொக் எழுந்து அடுப்படிக்குப் போனார். இவ்வளவு தூரம் வந்தவள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, சுனிம் சுற்றி வைத்த சட்டி ஒன்றைச் செய்தித்தாளைப் பிரித்து வெளியே எடுத்தார். சோறு போட்டு, முளை போட்டு, கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். தேர்வுக் காலத்தில் செய்கிற மாதிரி, ஒரு முட்டைக்கு இரண்டு முட்டையாக உடைத்து விட்டார்.

ஹேரிம் குனிந்து சாப்பிட்டாள். சூப்பு சூடாக இருந்ததால் கண்ணில் நீர் வருவதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. மான்சொக் எதிரில் உட்கார்ந்து, அவள் குடித்து முடிக்க முடிக்கத் தண்ணீர்க் குவளையை நிரப்பிக்கொண்டிருந்தார்.